கரமொண்ட் இட்டாலிக் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

கொழும்பில் அச்சாகும் கல்யாண அழைப்பிதழ், விசிட்டிங் கார்ட், விழா மலர் எதை எடுத்தாலும் தமிழுக்குப் பக்கத்தில் ஆங்கிலம் நிற்கும். பல வேளை சிங்களமும் சேர்ந்துகொள்ளும். அந்த ஆங்கில வரிக்குப் பெரும்பாலும் ஒரு சாய்வெழுத்தைத்தான் தேடுவார்கள். கரமொண்ட் இட்டாலிக், அல்லது அதைப் பார்த்து வரையப்பட்ட ஒன்று. திரையில் கண்ணைக் கவர்ந்த வரி, தாளில் ஏறியதும் மெலிந்தோ முறிந்தோ முரடாகவோ போய்விட்டால் பழி மெஷின்மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, கோப்பில் இருக்கும்.

கோளாறு பிடிக்க இறங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இட்டாலிக் என்பது நேரெழுத்தைச் சரித்து வைத்தது அல்ல. அது தனியாக வரையப்பட்ட வேறோர் எழுத்து. 1501இல் வெனிஸ் நகரில் அல்டஸ் மனூஷியஸ் லத்தீன் கவிஞர் வேர்ஜிலின் கவிதைகளைச் சின்ன அளவுப் புத்தகமாக வெளியிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ அன்றைய அறிஞர்களின் விரைவுக் கையெழுத்தைப் பார்த்து வெட்டிக்கொடுத்த அச்செழுத்து அது. கரமொண்ட் என்ற பெயரில் இன்று கிடைக்கும் நல்ல எழுத்துருக்களிலும் இதே கதைதான்: நேரெழுத்து 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அச்செழுத்து வெட்டுநர் குளோட் கரமொண்டைப் பின்பற்றும், சாய்வெழுத்து அவர் காலத்து இன்னொரு வெட்டுநரான ரொபேர் கிரான்ஜோன் வெட்டியதைப் பின்பற்றும். இரண்டு கைகள், இரண்டு எழுத்துகள். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இதை மறந்ததால் வருபவை.

சாய்ந்திருக்கிறது, ஆனால் மரக்கட்டைபோல் இருக்கிறது

முதலில் மூன்று எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன 'ஏ', சின்ன 'எஃப்', 'அன்ட்' குறி. உண்மையான கரமொண்ட் இட்டாலிக்கில் 'ஏ' ஒற்றை மாடி. பேனாவை எடுக்காமல் எழுதிய ஒரு வட்டமும் ஒரு காலும். போலிச் சாய்வில் அது நேரெழுத்தின் இரட்டை மாடியோடேயே சரிந்து கிடக்கும். 'எஃப்' உண்மையில் வரிக்குக் கீழே வால்விட்டு இறங்கும். போலியில் வரிக்கோட்டிலேயே பாதம் ஊன்றி நிற்கும். 'அன்ட்' குறியில் 'ஈ'யும் 'டி'யும் கைகோத்த லத்தீன் 'எட்' தெரிந்தால் அது வரையப்பட்ட எழுத்து. இந்த மூன்றும் தவறினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மென்பொருள் தானே சரித்துக் கொடுத்ததை.

காரணம் எளிது. நேரெழுத்துக் கோப்பை மட்டும் நிறுவிவிட்டு, வேர்டில் கன்ட்ரோலும் ஐயும் அழுத்துகிறோம். இட்டாலிக் கோப்பு இல்லாததால் வேர்ட் இருப்பதையே சரிக்கிறது, ஒரு வார்த்தை எச்சரிக்காமல். போட்டோஷொப்பில் கரெக்டர் பெனலில் உள்ள சாய்ந்த 'டி' பொத்தானும் இதையேதான் செய்யும். இட்டாலிக் கோப்பு இருந்தாலும் அது அதை எடுக்காது. அங்கே எழுத்துருப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டைல் பட்டியலில் இட்டாலிக்கைத் தெரிவுசெய்து, அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள். இன்டிசைன் இந்த விடயத்தில் நேர்மையானது. இட்டாலிக் கோப்பு இல்லாவிட்டால் சாய்க்கவே சாய்க்காது. ஆனால் அதிலும் எழுத்தைச் சரிக்கும் ஸ்கியூ என்றொரு பெட்டி உண்டு. பழைய கோப்பைத் திறந்தால் அதில் பூச்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். 12 பாகை என்று யாராவது போட்டு வைத்திருப்பார்கள்.

தீர்வு: இலவசமாக வேண்டுமானால் கூகுள் ஃபொன்ட்ஸில் ஈபி கரமொண்டை இறக்கி, நேர், இட்டாலிக் இரண்டு கோப்புகளையும் நிறுவுங்கள். ஜோர்ஜ் டஃப்னர் தொடங்கிய எழுத்துரு அது. 1592இல் பிராங்க்ஃபர்ட்டில் எகெனொல்ஃப்-பெர்னர் அச்சகம் வெளியிட்ட மாதிரித் தாளே அதற்கு மூலம். பெயரில் உள்ள ஈயும் பியும் அவர்களைக் குறிப்பவை. அடோபி சந்தா இருந்தால் ரொபர்ட் ஸ்லிம்பாக் 1989இல் செய்த அடோபி கரமொண்ட் கிடைக்கும். நிறுவிய பிறகு மென்பொருளை மூடித் திறந்து, அதே மூன்று எழுத்துகளை மறுபடி பாருங்கள்.

இணையப் பக்கத்திலும் இதே நோய் வரும். பக்கத்தை எழுதியவர் எழுத்துருவை இணைக்கும்போது இட்டாலிக்கைச் சேர்க்காமல் விட்டிருந்தால், உலாவி தானே சரித்துவிடும். சோதனைக்கு ஸ்டைல்ஷீட்டில் ஃபொன்ட்-சிந்தெசிஸ் என்ற பண்பை 'நன்' என்று வையுங்கள். உலாவியின் போலி வேலை நின்று, இட்டாலிக் கோப்பு இல்லாத இடமெல்லாம் நேரெழுத்தாக நிமிரும். எங்கே ஓட்டை என்று உடனே தெரிந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. எழுத்து அளவுக்கு மீறிச் சரிந்து, விழப்போவதுபோல் தெரிந்தால், பட்டியலில் இட்டாலிக் என்று தனிப்பெயராக நிற்கும் எழுத்துருவைத் தெரிவுசெய்த பிறகு கன்ட்ரோல் ஐயையும் அழுத்தியிருக்கிறார்கள். ஏற்கெனவே சாய்ந்ததை இன்னொரு முறை சாய்த்த வேலை. ஒரு முறை திருப்பி அழுத்தினால் தீரும்.

ஆங்கிலத்தோடு தமிழும் சாய்ந்துவிட்டது

இதுதான் இங்கே மிக அதிகமாகக் காணும் கோளாறு. பலர் இதைக் கோளாறு என்றே எண்ணுவதில்லை என்பது வருத்தம். தமிழ் அச்சில் ஐரோப்பியக் கையெழுத்திலிருந்து பிறந்த இட்டாலிக் போன்ற ஒரு மரபு இல்லை. சிங்களத்துக்கும் இல்லை. பத்தி முழுவதையும் தெரிவுசெய்து சாய்க்கும்போது தமிழுக்குக் கிடைப்பது ஏறக்குறைய எப்போதும் இயந்திரச் சரிவுதான்.

ஏன் கண்ணுக்கு உறுத்துகிறது என்று கிட்டப் பார்ப்போம். 'ட', 'ப', 'ம' எல்லாம் நிமிர்ந்த கோட்டில் நிற்கும் எழுத்துகள். சரித்ததும் 'ட' காற்றில் சாய்ந்த மரக்கிளைபோல் ஆகிவிடும். புள்ளியின் நிலை அதைவிட மோசம். 12 பொயின்ட் எழுத்தில் புள்ளி வரிக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 9 பொயின்ட் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பாகை சரித்தால் அது வலப்பக்கம் கிட்டத்தட்ட 2 பொயின்ட் நகரும். 'க்' என்பதன் புள்ளி தன் எழுத்தின் நடுவை விட்டு விலகி, அடுத்த எழுத்தின் தலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். 'பக்கம்' என்ற சொல்லில் புள்ளி எந்தக் 'க'வுக்கு என்று கண் ஒரு கணம் தடுமாறும். சின்ன அளவில், மங்கிய வெளிச்சத்தில், வயதானவர்கள் வாசிக்கும் அழைப்பிதழில் அந்தத் தடுமாற்றம் சின்ன விடயமல்ல.

வேர்டில் தீர்ப்பது இப்படி. பத்தியைத் தெரிவுசெய்து கன்ட்ரோலும் டியும் அழுத்துங்கள். வரும் பெட்டியில் லத்தீன் எழுத்துக்கு ஒரு பகுதியும், கொம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்ஸ் என்று இன்னொரு பகுதியும் இருக்கும். தமிழ் அந்த இரண்டாவதில் அடங்கும். லத்தீன் பகுதியில் ஈபி கரமொண்ட், இட்டாலிக். இரண்டாவதில் நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது நிர்மலா, ரெகுலர். இரண்டுக்கும் அளவும் தனித்தனியே கொடுக்கலாம்; அதன் பயன் கீழே வரும். இரண்டாவது பகுதி தெரியவே இல்லையென்றால், ஓஃபிஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டுத் திரும்புங்கள். இதை ஒவ்வொரு பத்திக்கும் செய்யாமல் ஒரு ஸ்டைலாகச் சேமித்தால், நாளைக்கு இன்னொருவர் கோப்பைத் தொட்டாலும் குலையாது.

இன்டிசைனில் முதலில் பத்தியின் கம்போசர் (எழுத்துகளை வரியாகக் கோக்கும் அமைப்பு) வேர்ல்ட்-ரெடி வகையா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிறகு பத்தி ஸ்டைலுக்குள் ஒரு கிரெப் ஸ்டைல் (குறிப்பிட்ட எழுத்துகளைத் தானே தேடிப் பாணி கொடுக்கும் விதி) எழுதி, ஆங்கில எழுத்து வரிசைகளுக்கு மட்டும் கரமொண்ட் இட்டாலிக் பொருந்தும்படி செய்யுங்கள். 200 பக்க மலரிலும் கையால் தேடவேண்டியதில்லை.

தமிழில் ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வேண்டுமானால் தடித்த எழுத்து இருக்கிறது, ஒற்றை மேற்கோள் இருக்கிறது, நிறம் இருக்கிறது. வாடிக்கையாளர் தமிழும் சாய்ந்துதான் ஆகவேண்டும் என்று நின்றால் நோட்டோ செரிஃப் தமிழில் ஸ்லான்டட் என்ற வகை உண்டு. எழுத்துருவாகவே செய்து தந்தது என்பதால் மென்பொருள் சரிவைவிட அதுவே மேல். அப்போதும் ஒரு வரிக்குமேல் போகாதீர்கள்.

இட்டாலிக் கொடுத்ததும் தமிழ் முழுவதும் ஆங்கிலக் குப்பையாக மாறிவிட்டது

பதற வேண்டாம், தட்டச்சு செய்தது எங்கும் போகவில்லை. கோப்பு, யூனிகோடுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் இருக்கிறது. பாமினியில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள் மட்டும். 'தமிழ்' என்று நாம் வாசிப்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துருவைக் கரமொண்டாக மாற்றியதும் முகமூடி கழன்று அந்த ஐந்தும் வெளியே தெரிகின்றன. சிங்களத்தில் எஃப்எம் அபய போன்ற பழைய எழுத்துருக்களிலும் இதுவே நடக்கும். மூன்று மொழி அழைப்பிதழில் இரண்டும் ஒன்றாகக் குலைவதுண்டு.

உடனடித் தீர்வு, அந்தப் பகுதிக்கு மீண்டும் பாமினியைக் கொடுப்பது. ஆனால் முதலில் சேமித்த பழைய கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலமாக நின்ற நேரத்தில் வேர்டின் தானியங்கித் திருத்தம் கை வைத்திருக்கலாம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது அதன் பழக்கம். பாமினியில் சின்ன 'ஜே' த. பெரிய 'ஜே' து. ஆகவே 'தமிழ்' என்று தொடங்கிய வாக்கியம் 'துமிழ்' என்று திரும்பி வரும். எழுத்துப்பிழை பார்ப்பவர் கண்ணுக்கும் தப்பிவிடும் வகைப் பிழை இது. பாமினி வேலை நடக்கும் கணினியில் தானியங்கித் திருத்தம் முழுவதையும் அணைத்து வைப்பது நல்லது.

நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவதுதான். மாற்றும்போது ஆங்கிலப் பகுதிகளை முன்பே பிரித்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழென்று நம்பி வேறு குப்பையாக்கும். கொரல்ட்ரோவின் பழைய பதிப்பில் வேலை செய்யும் அச்சகங்களில் யூனிகோட் தமிழ் சரியாகக் கோத்து வராமல் 'கொ' உடைந்து நிற்பதுண்டு. அப்படியான இடத்துக்கு அனுப்பும்போது மூலக் கோப்பைக் கொடுக்காமல், எழுத்துரு பொதிந்த பிடிஎஃப்பாகவோ, எழுத்தை வளைகோடாக (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றியோ கொடுங்கள்.

ஆங்கிலச் சொல் தமிழ் வேற்றுமை உருபில் முட்டுகிறது

ஆங்கிலத்தை மட்டும் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு இடமில்லை. நமக்கோ ஒவ்வொரு பத்தியிலும் வரும். சாய்ந்த ஆங்கிலப் பெயருக்குப் பின் '-இல்', '-ஐ', '-உக்கு' என்று நேரான தமிழ் ஒட்டும்போது, 'எஃப்', 'டி', 'எல்' போன்ற உயரமான எழுத்தில் முடிந்த சொல்லின் தலை வலப்புறம் சாய்ந்து, உருபின் முதல் எழுத்தில் இடிக்கும். கரமொண்ட் இட்டாலிக்கின் 'எஃப்' தன் பெட்டியை விட்டு இரு பக்கமும் நீண்டிருக்கும்படியே வரையப்பட்டது. அடுத்ததும் இட்டாலிக்காக இருந்தால் எழுத்துருவுக்குள் இருக்கும் கேர்னிங் (இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலான இடைவெளிக் கணக்கு) அதைச் சமாளிக்கும். எழுத்துரு மாறும் எல்லையில் அந்தக் கணக்கு நின்றுபோகிறது. நீங்கள்தான் கொடுக்கவேண்டும்.

சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே ஒரு ஹெயர் ஸ்பேஸ் (மிக ஒடுங்கிய இடைவெளி) போடுங்கள், அல்லது கேர்னிங்கில் 30 முதல் 60 வரை கூட்டுங்கள். சிறுகோடு போட்டு எழுதும் வழக்கமென்றால் அந்தக் கோடு தமிழின் பக்கம் சேர்ந்தது, நேராக நிற்கட்டும். கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் அப்படியே: பத்தி தமிழ் என்றால் குறிகளும் தமிழின் நேரெழுத்தில். அடைப்புக்குறிக்குள் இட்டாலிக் சொல் 'எஃப்'இலோ 'டி'யிலோ முடிந்தால் மூடும் குறிக்கு முன்னும் அதே ஹெயர் ஸ்பேஸ்.

பல்கலைக்கழக ஆய்விதழ்களிலும் புதுக்கடை நீதிமன்ற வட்டாரச் சட்டச் சஞ்சிகைகளிலும் இது தினசரி வேலை. கறுவாவின் தாவரவியல் பெயரான சின்னமோமம் வேரம் ஆங்கில எழுத்தில் வரும்போது இரண்டு சொல்லும் இட்டாலிக். முதற்சொல் பெரிய எழுத்தில் தொடங்கும், இரண்டாவது சின்ன எழுத்தில். அதே பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் சாய்க்க வேண்டாம். நீதிமன்ற வழக்குகளின் பெயர்களும் கப்பல் பெயர்களும் இதே விதியில் அடங்கும்.

வரியின் கடைசி எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது

மேலே சொன்ன அதே 'எஃப்'தான் இங்கும். பெட்டிக்கு வெளியே நீளும் பகுதியைச் சில மென்பொருள்கள் வெட்டிவிடும். இணையப் பக்கத்தில் எழுத்துக்குப் பொன் நிறக் கலவை பூசும்போதும், பெட்டிக்கு வெளியே வழிவதை மறைக்கச் சொல்லியிருக்கும்போதும் இது நடக்கும். வலப்பக்கம் எழுத்தளவில் 0.15 பங்கு இடம் விட்டால் போதும். வீடியோ தலைப்பில் வந்தால் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு இடைவெளி. பெயர்ப்பலகைக்கு வெட்டும் வேலையில் வளைகோடாக மாற்றிய பிறகே அளவெடுங்கள்; எழுத்துப் பெட்டியின் அகலத்தை நம்பினால் பலகை சிறிதாகிவிடும்.

தமிழுக்குப் பக்கத்தில் ஆங்கிலம் சுருங்கித் தெரிகிறது

இரண்டும் 10 பொயின்ட் என்றாலும் கரமொண்டின் சின்ன எழுத்துகள் உயரம் குறைந்தவை. இட்டாலிக் அகலத்திலும் ஒடுங்கியது. தமிழ் எழுத்தோ பெட்டியை நிறைத்து உட்காரும். எண்ணைப் பார்த்துச் சமன் செய்ய முடியாது. 'ப' என்ற எழுத்தையும் ஆங்கிலச் சின்ன 'எக்ஸ்'ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சமமாக வரவேண்டியதில்லை. அப்படிக் கொண்டுவந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தலைக்குமேல் எழும்பும். 'எக்ஸ்' சற்றுக் குறைவாகவும் பெரிய எழுத்து சற்று மிஞ்சியும் நிற்கும் இடமே சரியான இடம். தமிழ் 10 பொயின்ட் என்றால் ஆங்கிலம் 11.5ல் தொடங்கி, அச்செடுத்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். திரையில் முடிவு செய்யாதீர்கள். வரி இடைவெளியைத் தமிழுக்கு ஏற்ப வையுங்கள், 10க்கு 15 அளவில்.

மெல்லிய கோடுகள் தாளில் காணாமல் போகின்றன

காசு அதிகம் வீணாகும் இடம் இது, பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில், எந்த எழுத்துரு? அழைப்பிதழ் டெம்ப்ளேட்களில் இப்போது அதிகம் காண்பது கொர்மொரன்ட். கரமொண்டின் உணர்வில் 2015இல் கிறிஸ்டியன் தால்மன் வெளியிட்டது, மிக அழகானது, ஆனால் பெரிய தலைப்புக்காக வரையப்பட்டது. மணமக்கள் பெயருக்கு 30 பொயின்டில் அதை வையுங்கள். மண்டப முகவரிக்கு 9 பொயின்டில் வைத்தால் கோடுகள் நூலிழையாகிவிடும். சின்ன வரிகளுக்கு ஈபி கரமொண்ட் இட்டாலிக்கின் மீடியம் அல்லது செமிபோல்ட்.

இரண்டாவது, கடும் சிவப்பில் வெள்ளை எழுத்து. குங்கும நிறம் நான்கு மைகளில் உருவாகிறது என்றால், வெள்ளை எழுத்து என்பது நான்கு பிளேட்டிலும் (மைக்கு ஒன்றான அச்சுத் தகடு) ஒரே இடத்தில் விடப்பட்ட ஓட்டை. 0.25 பொயின்ட் கோடு என்பது 0.09 மில்லிமீற்றர். ஒரு பிளேட் 0.1 மில்லிமீற்றர் விலகினாலே போதும், அந்த ஓட்டை இன்னொரு மையால் மூடிவிடும். தாள் ஈரக்காற்றில் விரிந்து சுருங்கும் நம் ஊரில் அந்த விலகல் எப்போதும் காத்திருக்கிறது. ஆகவே இப்படி நிறத்துக்குள் வெள்ளையாக விடும் எழுத்தில் மிக மெல்லிய இடம் 0.5 பொயின்டுக்குக் குறையக்கூடாது. அளக்கும் வழி: இலஸ்ட்ரேட்டரில் பிரதி ஒன்றை வளைகோடாக மாற்றி, சின்ன 'என்' எழுத்தில் வளைவு காலோடு சேரும் கழுத்தைப் பெரிதாக்கி அளந்து பாருங்கள். குறைவென்றால் அளவைக் கூட்டுங்கள் அல்லது தடிப்பைக் கூட்டுங்கள். இரண்டும் முடியாவிட்டால் 0.15 பொயின்ட் வெள்ளை வெளிக்கோடு கொடுக்கலாம், எழுத்தின் குணம் சற்று மழுங்கும் என்று தெரிந்தே. பின்னணியை ஒரே ஒரு தனி மையில் அடிக்க அச்சகம் சம்மதித்தால் எல்லாவற்றிலும் அதுவே சிறந்தது. விலகுவதற்கு இரண்டாவது பிளேட் இல்லை.

மூன்றாவது, பொன் நிறம். வெள்ளைத் தாளில் பொன் எழுத்து என்று கேட்டுவிட்டு, நான்கு மைகளின் கலவையாக ஒரு மங்கிய மஞ்சளைக் கொடுத்தால், எந்த மையும் 100 சதவீதம் இல்லை. எல்லாம் புள்ளிகளாகத்தான் விழும். 175 லைன் ஸ்க்ரீனில் (அங்குலத்துக்கு 175 புள்ளி வரிசை) ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 0.145 மில்லிமீற்றர். நம் மெல்லிய கோடோ 0.09. கோடு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்து மறைந்துவிடும், அல்லது பல்பல்லாகத் தெரியும். சாய்ந்த கோடென்பதால் பல் இன்னும் துலக்கமாகத் தெரியும். லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் மணிகோத்ததுபோல் இருக்கும். பொன் வேண்டுமென்றால் பொன் மை, அல்லது தாளில் அழுத்தி ஒட்டும் மின்னும் தகடான ஃபொயில். இரண்டும் முடியாவிட்டால் ஏதேனும் ஒரு மையாவது 100 சதவீதமாக இருக்கும் கடும் நிறத்தைத் தேருங்கள்.

நான்காவது, ஃபொயில். இங்கே கோடு மட்டுமல்ல, இடைவெளியும் அடைபடும். சின்ன 'ஈ'யின் கண்ணும் 'ஏ'யின் வயிறும் ஃபொயிலால் நிரம்பி, எழுத்து பொட்டாகிவிடும். கோட்டுக்கும் இடைவெளிக்கும் இரண்டுக்குமே 0.5 பொயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான கைத்தாள் என்றால் இன்னும் கூட்டுங்கள், ஏனெனில் குழியில் ஃபொயில் ஒட்டாது. இட்டாலிக்கில் எழுத்துகள் இயல்பாகவே நெருங்கி நிற்பதால் டிராக்கிங்கில் (எல்லா எழுத்துகளுக்கும் நடுவே கூட்டும் இடைவெளி) 10 முதல் 15 வரை கொடுக்கலாம். அதற்குமேல் கொடுத்தால் கையெழுத்தின் ஓட்டம் அறுந்துவிடும். சில மென்பொருள்களில் 'எஃப்-ஐ' போன்ற இணைப்பெழுத்துகளும் பிரிந்துவிடும்.

ஐந்தாவது, கறுப்பு. வேர்டிலிருந்து வந்த கறுப்பு நான்கு மைக் கறுப்பாக மாறியிருக்கலாம். அக்ரோபட்டில் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து, கறுப்பு மையைக் குறிக்கும் கே தவிர மற்ற மூன்றையும் அணையுங்கள். எழுத்து முழுக் கறுப்பாக நிற்க வேண்டும். பிறகு கேயை மட்டும் அணையுங்கள். எழுத்து முற்றாக மறைய வேண்டும். சாயல் மிச்சமிருந்தால் மாற்றிய பிறகே பிளேட்டுக்கு அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை: படமாக அனுப்பினால் சுருக்கும்போது மெல்லிய கோடுகள்தான் முதலில் கரையும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள். படமாகத்தான் வேண்டுமென்றால் 1080 பிக்சல் அகலத்தில் வடிவமைத்து, மிகச் சின்ன எழுத்தும் 28 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள்.

அச்சகத்தில் திறந்ததும் வரிகள் இடம் மாறிவிட்டன

இரண்டு கணினியிலும் கரமொண்ட் என்று ஒரே பெயர் இருந்திருக்கும். அது ஒரே எழுத்துரு என்று அர்த்தமில்லை. மைக்ரோசொஃப்ட் ஓஃபிஸோடு வரும் கரமொண்ட், 1922இல் மொனோடைப் நிறுவனம் வெளியிட்டதன் வழிவந்தது. அதற்கு மாதிரியாக இருந்தது கரமொண்டின் எழுத்தே அல்ல. சில பத்தாண்டுகள் பிந்திய ஜோன் ஜனோனின் எழுத்து. இதை 1926இல் அச்செழுத்து ஆய்வாளர் பீட்ரிஸ் வோர்ட் கண்டறிந்து எழுதினார். அதன் இட்டாலிக்கில் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாயும். சிலருக்கு அந்தத் துள்ளல் பிடிக்கும், நீண்ட பத்தியில் கண்ணை இழுக்கும். ஐடிசி கரமொண்ட் என்பது 1970களில் செய்த, சின்ன எழுத்துகள் மிக உயர்ந்த வேறொன்று. ஒன்றுக்கு மற்றொன்று பதிலாக ஏறினால் அகலம் மாறி வரி உடையும், முகவரியின் கடைசிச் சொல் அடுத்த வரியில் விழும்.

பிடிஎஃப்பை அனுப்புமுன் அதன் ப்ரொப்பர்டீஸில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் பொதிந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-4 அமைப்பில் எடுத்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. மூலக் கோப்பையே கேட்டால் எழுத்துருக் கோப்புகளையும் கூடவே கொடுங்கள். ஈபி கரமொண்டின் திறந்த உரிமம் அதற்கு இடம் தருகிறது, விலைக்கு வாங்கிய எழுத்துருக்கள் பெரும்பாலும் தருவதில்லை.

பெயர்கள் வாசிக்க முடியவில்லை

முழுவதும் பெரிய எழுத்தில் இட்டாலிக் போட்டிருப்பார்கள். கிரிஃபோவின் முதல் இட்டாலிக்கில் சாய்ந்த பெரிய எழுத்தே கிடையாது. நேரான பெரிய எழுத்துக்குப் பின் சாய்ந்த சின்ன எழுத்துகள் ஓடின. பின்னாளில் வந்த கொடிவால் வைத்த பெரிய எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் ஒன்று நிற்பதற்காக வரையப்பட்டவை. மூன்று முன்னெழுத்தும் நீண்ட பெயருமாக வரும் நம் பெயர்களை முழுக்க அவற்றில் அடுக்கினால் வால்கள் பின்னி ஒரு வேலியாகிவிடும். பெயரைப் பெரிய எழுத்தில்தான் வேண்டும் என்றால் நேரெழுத்தின் ஸ்மோல் கெப்ஸை (சின்ன எழுத்தின் உயரத்தில் வரையப்பட்ட பெரிய எழுத்துகள்) எடுத்து, டிராக்கிங் 50 முதல் 80 கொடுங்கள். இட்டாலிக்தான் வேண்டும் என்றால் முதலெழுத்து மட்டும் பெரிது, மிச்சம் சின்னது. முன்னெழுத்துகளில் கொடிவால் வேண்டாம், பெயரின் முதலெழுத்தில் ஒன்று போதும்.

தொலைபேசி எண்ணையும் தேதியையும் இட்டாலிக்கில் விடாதீர்கள். சில எழுத்துருக்களில் எண்கள் மேலும் கீழும் ஆடும் பழைய பாணியில் வரும். ஜோர்ஜியா என்ற எழுத்துருவில் அதுவே இயல்பு. பத்து இலக்க எண்ணை ஒருவர் பார்த்து அழுத்தவேண்டிய இடத்தில் அந்த ஆட்டம் உதவாது. ஓப்பன்டைப் அமைப்பில் ஒரே உயரத்தில் நிற்கும் லைனிங் எண்களைத் தெரிவுசெய்து, நேரெழுத்தில், மூன்று-மூன்று-நான்காகப் பிரித்து வையுங்கள்.